கேசுல கொடுத்த மருந்து

என் கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழில் இருப்பது என் பெயர் அல்ல, என் மச்சானின் பெயர். மருந்தாளுநர் படிப்பு முடித்த ஆள் ஒருவர் இருந்தால்தான் மருந்துக்கடைக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதனால் என் மனைவியின் கடைசித் தம்பியை நானே பணம் கட்டிப் படிக்க வைத்து, நானே அந்தச் சான்றிதழுக்குத் தேக்குச் சட்டம் போட்டு, நானே ஆணி அடித்து மாட்டினேன். அன்று முதல் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒன்றுமில்லாமல் வந்து கடை வைத்தவனுக்கு வயிற்றெரிச்சல் படக்கூட உரிமை கிடையாதா?

பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டுக்காரரின் மருந்துக்கடையில் தரை துடைத்துத்தான் நான் தொழிலுக்கு வந்தேன். இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எனக்குச் சொந்தக் கட்டடம், சொந்தக் கடை, மாடியில் வீடு. புதுச்சேரியில் என் கடையைத் தெரியாத ஆட்டோக்காரன் இருந்தால் அவன் நேற்றுத்தான் ஆட்டோ ஓட்ட வந்திருப்பான்.

விபத்தில் அடிபட்டு நஷ்டஈட்டுக்குக் கேஸ் போட்டவர்களுக்கு, தீர்ப்பு வரும்வரை காசு வாங்காமல் மருந்து கொடுக்கும் பழக்கத்தை இந்த ஊரில் ஆரம்பித்தவன் நான்தான். வேறு எவனாவது தான் ஆரம்பித்ததாகச் சொன்னால் என் எதிரில் வந்து சொல்லட்டும். அடிபட்டவன் வீட்டில் சம்பாத்தியம் நின்றிருக்கும். டாக்டர் சீட்டு எழுதுவதை நிறுத்தமாட்டார். கேஸ் முடிய வருஷக்கணக்காகும். அந்த இடைவெளியில் மருந்தை நிறுத்தினால் கால் போய்விடும், சில பேருக்கு உயிரே போய்விடும். இதை நான் ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். விபத்துக் கேஸ்களை மட்டும் எடுத்து நடத்தும் ஒரு வக்கீலம்மாவிடம் போய், “நீங்க ஆளை அனுப்புங்க, நான் மருந்து தர்றேன், தீர்ப்பு வந்ததும் என் பணம் வந்தா போதும்” என்றேன். அவ்வளவுதான். இப்போதெல்லாம் நஷ்டஈட்டுப் பணம் அவரவர் பேங்க் கணக்குக்கே நேராகப் போய்விடுகிறது. அதற்கப்புறம் கடைக்காரன் எதை நம்புவது? வக்கீலம்மாவின் வார்த்தையை, வந்த ஆளின் முகத்தை. முகம் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். ஒரே ஒரு ஆள்தான் என்னை ஏமாற்றினான், அவனும் செத்துப்போய்விட்டான்.

இந்தப் பழக்கத்துக்கு என் கடையில் “கேசுல கொடுக்கிறது” என்று பெயர்.

திட்டம் என்னுடையது, முதல் என்னுடையது, நஷ்டம் வந்தால் அதுவும் என்னுடையது. ஆனால் கேசுக்காரர்கள் கடைக்குள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “டாக்டர் தம்பி இல்லீங்களா?” என் மச்சானுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் டாக்டரும் இல்லை, நாற்பத்தைந்து தாண்டியவன் தம்பியும் இல்லை. கொஞ்சம் மெதுவாகப் பேசுவான். மாத்திரை கவரின் மேல் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு நிலா என்று படம் போட்டுக் கொடுப்பான். அந்தச் சூரியனுக்கும் நிலாவுக்கும் உருகிப்போகிறது ஜனம். எனக்கும்தான் படம் போடத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் படம் போட்டுக்கொண்டிருந்தால் கடை உருப்படுமா?

வீராம்பட்டினத்து மீன்காரம்மா என் கடைக்கு வந்தது அந்த வக்கீலம்மா சொல்லித்தான். கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு அரியாங்குப்பம் பக்கம் தெருத்தெருவாக விற்கிற பொம்பளை. கடலூர் ரோட்டைத் தாண்டும்போது, தட்டாஞ்சாவடி கம்பெனி வேன் ஒன்று இடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு மூன்று துண்டு. உள்ளே கம்பி வைத்து, அந்தக் கம்பியில் சீழ் பிடித்து, மறுபடி கிழித்து, மறுபடி தைத்து, பெரிய பாடு. ஆட்டோவிலிருந்து இறங்காமலேயே காலை வெளியே நீட்டிக்கொண்டு, டாக்டர் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஊசி, விலை கூடின ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை என்று நீளமாக இருந்தது. நான் சீட்டைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன்.

“இன்னா பெரியவரே, மூஞ்சிய அப்புடி வெச்சிக்கினு கீறீங்க? துட்டு குடுக்காம ஓடிருவேன்னா? ஓடற காலா இது, பாருங்க!” என்றாள்.

அந்த ஒரு பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. “குடுக்கலாம்மா, நான் பாத்துக்கறேன்” என்று வாயைத் திறப்பதற்குள், என் மச்சான் படியிறங்கிப் போய் ஆட்டோ பக்கத்தில் குந்திக்கொண்டான். ஊசியை வெயில் படாமல் எப்படி வைப்பது, எந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று பாடம் நடத்தினான். சூரியன், நிலா எல்லாம் போட்டான்.

“நல்லா இரு தம்பி. உன் கையால குடுத்தா கால் நின்னுரும்” என்று அவன் தலையைத் தொட்டாள்.

கடன் கொடுத்த கை எது? நான் கல்லாவில் உட்கார்ந்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று முதல் மாதாமாதம் வந்தாள். காலில் சீழ் நின்றது, பிறகு ஊன்றுகோலோடு நடந்தாள். ஆனால் கூடை தூக்கித் தெருவில் விற்கிற வேலை இனிமேல் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நஷ்டஈடு வந்ததும் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்க ஓர் இடம் பிடித்து, ஐஸ் பெட்டி ஒன்று வாங்கிப் போடுவதுதான் அவள் கணக்கு. கடையில் மருந்துக்குக் காத்திருக்கும்போது அந்த இடத்தைப் பற்றியேதான் பேசுவாள். எந்த வரிசை, பக்கத்தில் யார், அவளோடு ஒத்துப்போகுமா, போகாதா.

“ஒத்துப்போகலன்னா இன்னா பண்ணுவ?” என்று கேட்டேன்.

“என் வாயி எதுக்கு இருக்குது?” என்றாள்.

சிக்கல் வந்தது அந்த வாயால்தான்.

கோர்ட்டில் அவளை விசாரித்தபோது, மருந்து எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். “எல்லாம் கேசுல வாங்கினதுங்க” என்று சொல்லியிருக்கிறாள். அதை ரொக்கம் கொடுத்து வாங்கியதாக எழுதிக்கொண்டார்கள். கேஷ் என்று காதில் விழுந்திருக்கிறது. படித்துக் காட்டியபோது, அவள் எதற்கோ தலையாட்டிவிட்டாள். அடுத்த வாய்தாவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். தெருவில் மீன் விற்ற பொம்பளை, படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது இவ்வளவு ரொக்கம் எங்கிருந்து எடுத்தாள்? அப்படியானால் இந்த பில் எல்லாம் பொய் பில். இது அவர் வாதம். அதற்கு அவள், “ஐயோ, கேசுலதாங்க, கேசுலதாங்க வாங்கினேன்” என்று மறுபடி மறுபடி அதையே சொல்ல, இன்ஷூரன்ஸ் வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாராம்.

வக்கீலம்மா மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். மீன்காரம்மாவும் கூட வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

“பில்லு பொய்யின்னு தள்ளிட்டாங்கன்னா, மருந்துப் பணம் நஷ்டஈட்டுல வராது. அப்ப உங்களுக்கு இந்தம்மா அவங்க கையிலேந்துதான் குடுக்கணும். மார்க்கெட் இடம் அதோட போச்சு. நீங்க விட்டுக்கொடுப்பீங்களா ஐயா?” என்று வக்கீலம்மா என்னைக் கேட்டார்.

“நான் கடை வெச்சிருக்கேன்மா, கோயில் கட்டல” என்றேன். அதுதான் நியாயம். எனக்கு மருந்து சப்ளை பண்ணுகிறவன் ஒருநாளாவது எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறானா?

“அப்ப ஒரே வழிதான். கடையிலேந்து ஒருத்தர் சாட்சி சொல்லணும். கடனுக்குத்தான் குடுத்தோம், இன்னும் பணம் வரலன்னு. கடன்னாலும் செலவு செலவுதான். திருப்பித் தரணும் இல்லையா?”

என் நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனை வருஷத் தொழில், இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவன் நான் என்று கூண்டில் ஏறி நின்று சொல்கிற நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டையை எந்த இஸ்திரிக்காரனிடம் கொடுப்பது என்பது வரைக்கும் மனசு போய்விட்டது.

வக்கீலம்மா உள்ளே திரும்பி, “தம்பி, நீங்க வந்துருங்க. பில்லுல உங்க கையெழுத்துதானே இருக்கு” என்றார்.

என் மனைவி அப்போது மாடியிலிருந்து காபி கொண்டுவந்தாள். தம்பி சாட்சி சொல்லப் போகிறான் என்றதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க வீட்டுலயே கோர்ட்டுக்கு மரியாதையா போற மொத ஆளு இவன்தான்” என்றாள். அந்தக் காபியை நான் குடிக்கவில்லை. ஆறிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

விசாரணை அன்று யாரும் கூப்பிடாமலேயே நான் போனேன். இஸ்திரி போட்ட சட்டைதான். பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். மீன்காரம்மா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

என் மச்சான் கூண்டில் ஏறினான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். அழகாகத்தான் பேசினான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எந்தத் தேதிக்கு எந்த மருந்து, எந்த டாக்டர் சீட்டு, அத்தனையும் கேஸில், அதாவது கடனுக்குக் கொடுத்தது என்று தெளிவாகச் சொன்னான். எனக்குக் கோபம் எங்கே வந்ததென்றால், வார்த்தைக்கு வார்த்தை, “நாங்கள் கொடுத்தோம், எங்கள் கடையில் கொடுத்தோம்” என்றான். எந்த நாங்கள்? எங்கள் கடை என்று ஒன்று எங்கே இருக்கிறது? பெஞ்சுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஷூரன்ஸ் வக்கீல் எழுந்தார். “இந்தம்மா கேஷ்னு சொல்லியிருக்காங்க. நீங்க கேஸ்னு சொல்றீங்க. ரெண்டும் வேற வேற வார்த்தை. உங்க உச்சரிப்பே சுத்தமா இருக்கே! இப்ப சௌகரியத்துக்கு மாத்திச் சொல்றீங்களா?”

என் மச்சான் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தான்.

“ஐயா, எங்க மாமாதான் கடை முதலாளி. அவருக்கு ரொக்கமும் கேசுதான், வழக்கும் கேசுதான். அவர் பேசிப்பேசி, கடைக்கு வர்றவங்க எல்லாரும் அப்படியே பழகிட்டாங்க” என்றான்.

கோர்ட்டில் சிரிப்பு. என் காது சூடாகிவிட்டது. இவ்வளவு நாள் அவனைச் சோறு போட்டு வளர்த்தது, இத்தனை பேர் முன்னால் என் நாக்கை இவன் ஏலம் போடுவதற்கா? எழுந்து போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். எழுந்ததுதான் தாமதம்.

“நீங்கதான் அந்த மாமாவா?” என்றார் ஜட்ஜ்.

“ஆமாங்கய்யா. கடை என்னுது. எங்க கடை இல்ல, என் கடை” என்றேன்.

வக்கீலம்மா சட்டென்று எழுந்து, இவரையும் விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். ஜட்ஜ் சரி என்றார். மச்சான் இறங்கினான், நான் ஏறினேன். சத்தியம் செய்யச் சொன்னார்கள், சத்தமாகச் செய்தேன். இந்தத் தொழிலை நான் எப்படி ஆரம்பித்தேன் என்று தொடங்கினேன். சொல்தா வீட்டுக் கடையில் தரை துடைத்தது வரைக்கும்தான் வந்தேன், ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“ரொக்கம் குடுத்து வாங்குறதை நீங்க எப்படிச் சொல்வீங்க?”

“கேசுங்க.”

“விபத்து வழக்கு முடிஞ்சதும் தர்றேன்னு வாங்கினா?”

“அதுவும் கேசுதாங்க.”

“ரெண்டையும் எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்குவீங்க?”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றியது. “அதுல இன்னாங்கய்யா கஷ்டம்? கேசுன்னா கையை நீட்டுவாங்க. கேசுன்னா காலை நீட்டுவாங்க.”

கோர்ட்டு முழுக்க ஒரே சிரிப்பு. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைப் அடிக்கிற அம்மா விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இன்ஷூரன்ஸ் வக்கீல்கூடச் சிரித்தார், அவருக்கு வேறு கேள்வி இல்லை. “ஒத்தப் பைசா இன்னும் கைக்கு வரலைங்கய்யா. வரும்னு நம்பிக்கிட்டு இருக்கேன்” என்று கடைசியாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை. எவனும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதில்லை.

தீர்ப்பில் மருந்துச் செலவு முழுசாக வந்தது. வக்கீலம்மா போனில் சொன்னார். யாருடைய போனில்? மச்சானுடைய போனில்.

“தம்பி, உங்க சாட்சியாலதான் வந்துச்சு” என்று ஸ்பீக்கரில் கேட்டது. அவன், “இல்ல மேடம், மாமாவாலதான்” என்றான். அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, பெரிய மனசுக்காரன் சின்னவனுக்கு விட்டுக்கொடுப்பதுபோல! விட்டுக்கொடுக்க அது என்ன அவன் வீட்டுச் சொத்தா? அதற்கு எனக்கு வந்த எரிச்சல், அவன் தனக்கே சொந்தம் என்று சொல்லியிருந்தால்கூட வந்திருக்காது.

பணம் வந்ததும் மீன்காரம்மா கடைக்கு வந்தாள். கூடவே பெரிய வஞ்சிரம் ஒன்று, வாழையிலையில் சுற்றியது. உள்ளே வந்தவள் எங்கே போவாள்? நேராக மச்சானிடம் போனாள். மீனை அவனிடம் கொடுத்தாள். பணத்தையும் அவன் கையில் வைத்தாள். அவன் அதை அப்படியே என் கல்லாவுக்குக் கொண்டுவந்து, “மாமா, பாத்து வாங்கிக்குங்க” என்றான். என் பணம், என் கடையில், என் கல்லாவுக்கு, இன்னொருத்தன் கை வழியாக வருகிறது.

நான் பணத்தைத் தொடவில்லை. “மார்க்கெட் இடம் முடிஞ்சுதா?” என்று அவளைக் கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“எங்க முடியுது பெரியவரே? இடத்துக்குக் குடுத்தா ஐஸ் பெட்டிக்கு இல்ல. பொட்டி வாங்குனா இடத்துக்கு இல்ல. பாப்பம்” என்றாள். உடனே அவளே தொடர்ந்தாள். “ஆனா நீங்க அன்னிக்குக் கோர்ட்டுல பேசினீங்க பாருங்க. எங்க ஊரு பூரா அதான் பேச்சு. வலை பின்றவன், மீன் ஏலம் வுடறவன், எல்லாரும் கையை நீட்டறதும் காலை நீட்டறதுமா அப்புடி ஒரு சிரிப்பு.”

“என்னைப் பாத்து சிரிக்கிறாங்களா?”

“உங்களப் பாத்து எதுக்குச் சிரிக்கிறாங்க? நீங்க சொன்னதுக்குச் சிரிக்கிறாங்க.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. மச்சான் உள்ளே அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தான்.

“டாக்டர் தம்பி பேசினதையும் ஊருல சொன்னியா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். “அவுரு இன்னா பேசினாரு? எனக்கு ஞாபகமே இல்லியே பெரியவரே.”

அந்த வார்த்தை என் காதில் எப்படி விழுந்தது என்று எழுதத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து நான் எதற்குக் காத்திருந்தேனோ, அது ஒரு மீன்காரம்மா வாயிலிருந்து வந்தது. பணக்கட்டைப் பிரித்தேன். ஐஸ் பெட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சொன்னாள். அதை எடுத்து அவள் கையில், நேராக என் கையால், வைத்தேன்.

“பெட்டி வாங்கு. வாங்கிட்டு, யாரு வாங்கிக் குடுத்தான்னு கேட்டா என் பேரச் சொல்லு” என்றேன்.

“சொல்லாம? பெயின்ட்ல எழுதியே வெச்சிடறேன்” என்றாள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். யாருக்கும் ஒரு ரூபாய் குறைக்காத மனுஷன் நான். அன்றைக்குக் குறைத்தேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

ஆனால் அவள் போனபின் திரும்பிப் பார்த்தேன். மச்சான் அலமாரியைப் பார்த்தபடி நின்றான். அவன் தோள் இரண்டும் மெல்லக் குலுங்கின. சிரிக்கிறான். வஞ்சிரத்தை மாடிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மாத்திரை அடுக்கத் தொடங்கினான். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அழகாக ஒருத்தன் பேசியதை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பொம்பளை எப்படி மறந்துபோவாள்? இப்படிச் சொல்லு, மாமா குளிர்ந்துபோவார் என்று அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினானா? கேட்டுவிடலாம். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் இதுவரை அவனை நான் கேட்கவில்லை.